பாம்பு வரும் கொல்லையில் பயமில்லாமல் குடியிருக்க: அடிக்காமல் வாழ ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் கொல்லைக் கதவைத் திறந்தால் ஏரிக்கால்வாய். அதைத் தாண்டினால் நெல் வயல். செங்கல்பட்டுப் பக்கம் இப்படி வயலை ஒட்டிய வீட்டில் வளர்ந்தவர்களுக்குப் பாம்பு புதிது இல்லை. பொழுது சாய்ந்த பிறகு அதன் பெயரைச் சொல்லக் கூடாது என்று எங்கள் ஆயா ‘பூச்சி’ என்றுதான் சொல்லுவார். “கொல்லையில பூச்சி கிடக்கும், லைட்டை எடுத்துட்டுப் போ” என்றால் எங்களுக்குப் புரியும்.

அப்படியிருந்தும் என் சித்தப்பாவைக் கட்டு விரியன் கடித்தது. ஐப்பசி மாத மழை. கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தவர், விடியற்காலையில் வயிற்றைப் புரட்டுகிறது என்று எழுந்தார். உடம்பில் வீக்கம் இல்லை, பல் பட்ட தடமும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கில் அஜீரணம் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். வீடு வந்து சேர்வதற்குள் கண்ணைத் திறக்க முடியவில்லை, பேச்சு குழறியது. தூக்கக் கலக்கம் என்றே நாங்கள் நினைத்தோம். எதிர்வீட்டில் இருந்த நர்ஸ் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “இமையைப் பாருங்க, இது பூச்சிக்கடி, ஒரு நிமிஷம்கூட நிக்காதீங்க” என்றார். அரசு மருத்துவமனையில் ஐந்து நாள் செயற்கைச் சுவாசத்தில் கிடந்து பிழைத்து வந்தார்.

அந்த வாரமே கொல்லையில் கண்ணில் பட்ட மூன்று பாம்புகளை அடித்துப் போட்டோம். மூன்றும் சாரை. விஷமே இல்லாதவை. சித்தப்பாவைக் கடித்த பாம்பு அதில் இல்லை. அடுத்த அறுவடையில் மூட்டைக்கு மூட்டை எலி ஓட்டை போட்டிருந்தது. அதற்கடுத்த மழையில் மறுபடி ஒரு கட்டு விரியன் திண்ணை ஓரத்தில் ஊர்ந்து போனது. அன்றைக்குத்தான் தடியை வைத்துவிட்டு, இது ஏன் நம் வீட்டுக்கே வருகிறது என்று யோசிக்க ஆரம்பித்தோம். அதன்பின் பதினைந்து வருடத்தில் வீட்டையும் எங்கள் பழக்கத்தையும் மாற்றிக்கொண்டதில் தெரிந்துகொண்டதெல்லாம் கீழே இருக்கிறது.

தடியை ஏன் கீழே போட வேண்டும்

பாம்புக்கடி சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 58,000 உயிர். பெரும்பாலும் கிராமத்து உயிர்கள். 2017-இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2024-இல் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடி வந்தால் மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அறிவித்தது.

அடிப்பதால் இந்தக் கணக்கு குறைவதில்லை. பாம்பு நம் கொல்லைக்கு வருவது எலிக்காக, தவளைக்காக, ஒதுங்கக் கிடைக்கும் இடத்துக்காக. ஒன்றை அடித்தாலும் எலியும் விறகுக் குவியலும் அங்கேயே இருக்கின்றன. காலியான இடத்துக்கு இன்னொன்று வரும். தன் வழியில் போகிற பாம்பு கடிப்பது அபூர்வம். அடிக்கப் போய், தடி குறி தவறி, கடி வாங்கியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சட்டமும் இருக்கிறது: 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பாம்பைக் கொல்வதும் அனுமதியின்றிப் பிடித்து வைப்பதும் குற்றம்.

முதலில் யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட பாம்பு வகைகள் உண்டு. மனித உயிரை அதிகம் வாங்குபவை நான்கு. இந்த நான்கும் எங்கே இருக்கும், எப்போது நடமாடும் என்பது தெரிந்தால் பயத்தில் பாதி போய்விடும், மீதிப் பாதி ஜாக்கிரதையாக மாறும்.

நல்ல பாம்பைச் சொல்லித் தர வேண்டியதில்லை. படமெடுத்து, சீறி, எச்சரித்துவிட்டுத்தான் அடுத்த காரியம். வயல் வரப்பு, எலி வளை, கரையான் புற்று, கோழிக் கூண்டு இவை அதன் புழங்குமிடம்.

கண்ணாடி விரியன் தடித்த உடம்பு. பழுப்பு நிறத்தில், முதுகு நெடுகச் சங்கிலி போல மூன்று வரிசை வட்டங்கள். தலை முக்கோணம். குக்கர் நீராவி விடுவதைப் போல நீளமாகச் சீறும். இதன் ஆபத்தே நகராமல் கிடப்பதுதான். காலடிச் சத்தம் கேட்டால் நல்ல பாம்பும் சாரையும் ஒதுங்கிவிடும். இது புல்லோடு புல்லாக அப்படியே கிடக்கும். நெல் அறுக்கும்போது கை படுவதும், வரப்பில் நடக்கும்போது கால் படுவதும் இதன் மேல்தான். முட்டை இடாது, குட்டி போடும். ஒரே ஈற்றில் இருபது, முப்பது குட்டிகள் வரும். வைகாசி முதல் ஆடி வரை ஒரு சாண் நீளக் குட்டிகளை வயலோரம் பார்க்கலாம். குட்டிக்கும் பிறந்த அன்றே விஷம் உண்டு. மார்கழி, தை குளிரில் இணை தேடிப் பகலிலும் அலையும்.

கட்டு விரியன் கருநீலமாக மினுமினுக்கும். மெல்லிய வெள்ளைக் கட்டுகள் வால் பக்கம் தெளிவாகவும் தலைப் பக்கம் மங்கியும் இருக்கும். பகலில் சுருண்டு முகத்தை மறைத்துக்கொண்டு சாதுவாக இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. இரவில் இது வேறு. மற்றப் பாம்புகளையும் பல்லி, எலியையும் தேடி வீட்டுக்குள் வரும். பல் சிறியது, கடி வலிக்காது, தடம் தெரியாது. தரையில் தூங்குகிறவர்களைக் கடிப்பது பெரும்பாலும் இதுதான்.

சுருட்டை விரியன் ஒரு முழம்கூடத் தேறாது. இராமநாதபுரம், தூத்துக்குடி போன்ற வறண்ட சீமைகளில் கல்லுக்கடியிலும் முள்ளுக்காட்டிலும் இருக்கும். உடம்பைச் சுருட்டி உரசும்போது எண்ணெயில் எதையோ பொரிப்பது போல் சத்தம் வரும். கல்லைப் புரட்டும் முன் கடப்பாரையால் தட்டுங்கள்.

இனி, அநியாயமாக அடிபடுகிறவை. சாரைதான் முதலில். நீளத்தையும் வேகத்தையும் பார்த்தே அடித்துவிடுகிறார்கள். சாரையும் நல்ல பாம்பும் பிணைந்து நிற்பதாக ஊரே கூடிப் பார்ப்பது, பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் பலம் பார்க்கும் மல்யுத்தம். கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு, பிணம் எரிகிறதா என்று பார்க்க மரத்தில் ஏறி உட்காரும் என்று கதை. அந்த ஒல்லிப் பாம்பு மரத்தில் ஏறுவது ஓணானையும் தவளையையும் தேடி; அதற்கு விஷம் கிடையாது. பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும் என்று சொல்லிச் சொல்லியே வேலிகளில் இருந்து ஒழித்துவிட்டோம். தண்ணீர்ப் பாம்பு கோபக்காரன், சட்டென்று கடிக்கும், ஆனால் விஷமில்லை. ஓநாய்ப் பாம்பு பட்டைபோட்டு கட்டு விரியனைப் போலவே தெரியும். பல்லிக்காகச் சுவரேறும், விஷமில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒன்று: அடையாளம் தெரிந்துவிட்டது என்ற தைரியத்தில் எந்தப் பாம்பையும் கையால் தொடாதீர்கள். இருட்டிலும் பதற்றத்திலும் பழகியவர்களே தவறியிருக்கிறார்கள்.

எலியைக் கவனியுங்கள், பாம்பு தானாகக் குறையும்

நாங்கள் செய்த வேலைகளில் அதிகப் பலன் தந்தது இதுதான். வீட்டைச் சுற்றிப் பெருச்சாளி வளை இருந்தால், பாம்புக்கு அது சாப்பாடும் படுக்கையும் ஒரே இடத்தில் கிடைத்த மாதிரி.

எலியின் கர்ப்பகாலம் மூன்று வாரம்தான். அதனால் வருடத்துக்கு ஒருமுறை பொறி வைத்துப் பயனில்லை. சோறு கிடைக்கும் வழியை அடைக்க வேண்டும். நெல், கோழித்தீவனம், தவிடு எல்லாவற்றையும் மூடியுள்ள தகர டிரம்மில் போட்டோம். சாக்கு மூட்டைகளைத் தரையிலிருந்து ஓரடி உயரப் பலகையில், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்கினோம். கோழிக்குச் சிதறிப் போடும் அரிசியை மாலையில் பெருக்கி எடுத்துவிடுவோம். நாய்த்தட்டும் இரவில் வெளியே இருக்காது. மாட்டுத்தொட்டியைச் சுற்றி விழும் தீவனத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. எங்கள் வீட்டில் எலி அதிகம் கூடியது அங்கேதான்.

வளைகளை அடைக்கும்போது வெறும் மண்ணைத் தள்ளினால் அன்றிரவே தோண்டிவிடும். உடைந்த ஓட்டுச் சில்லு, ஜல்லி போட்டு மேலே சிமெண்ட் கலவை ஊற்ற வேண்டும். வளைக்குள் பாம்பு இருக்கலாம். ஆகவே முதல் நாள் வாயைச் சருகால் லேசாக மூடிவையுங்கள்; மறுநாள் சருகு கலையாமல் இருந்தால் மட்டும் பூசுங்கள். கையை உள்ளே விடவே கூடாது.

பொறி என்றால் எலிக்கூண்டு போதும். வயலுக்கு டெல்டா விவசாயிகள் வைக்கும் தஞ்சாவூர் கிட்டி நல்ல கருவி. மூங்கிலில் வில் போலச் செய்து வரப்போரம் நடுவார்கள். வயலில் ‘T’ வடிவக் குச்சிகளை நட்டுவைத்தால் இரவில் ஆந்தையும் கூகையும் வந்து உட்கார்ந்து எலி பிடிக்கும். எலியும் பாம்பும் பிடிப்பதில் தேர்ந்த இருளர் பழங்குடியினரைக் கூப்பிட்டு வளை வெட்டினால் எலியும் போகும், அது சேர்த்து வைத்த நெற்கதிரும் கிடைக்கும்.

விஷம் மட்டும் வேண்டாம். மருந்து தின்ற எலி உடனே சாகாமல் தள்ளாடும். அதைத் தின்னும் ஆந்தை, பூனை, சாரை எல்லாம் சேர்ந்து பாதிக்கப்படும். எலியைத் தின்ன வேண்டியவை போய்விட்டால் மிஞ்சுவது எலிதான். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட், வீட்டில் எத்தனையோ மனித உயிர்களையும் வாங்கியிருக்கிறது. அதை வாசலுக்குள்ளேயே ஏற்றாதீர்கள்.

வீட்டையும் கொல்லையையும் திருத்துவது

ஒரு நாள் மாலை வெளிச்சத்தில் வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். பாம்பின் உயரத்திலிருந்து பார்க்க வேண்டும். நான் முழங்காலிட்டுப் பார்த்தபோதுதான் கொல்லைக் கதவின் அடியில் இரண்டு விரல் இடைவெளி இருப்பது தெரிந்தது. அந்த வழியாகப் பாம்பு நுழைய இரண்டு விரல் தாராளம். குட்டிக்கு ஒரு சுண்டுவிரல் போதும். கதவடியில் ரப்பர் பட்டை அடித்தோம். சைக்கிள் டியூபை வெட்டி ஆணியடித்தாலும் வேலை நடக்கும். சாக்கடைக் குழாய், குளியலறைத் தண்ணீர் போகும் துளை, ஜன்னல், காற்றுத்துளை எல்லாவற்றுக்கும் சின்னக் கண் உள்ள கம்பிவலை. கூரையை உரசிக்கொண்டிருந்த முருங்கைக் கிளையையும் மாமரக் கிளையையும் கழித்துவிட்டோம்.

பிறகு குவியல்கள். தேங்காய் மட்டை, காய்ந்த தென்னங்கீற்று, பழைய ஓடு, கட்டி முடித்த வீட்டின் மிச்சச் செங்கல், இவை ஒவ்வொரு கிராமத்து வீட்டிலும் சுவரோரம்தான் கிடக்கும். இவற்றை வீட்டை விட்டு இருபது, முப்பது அடி தள்ளி வைக்க வேண்டும். விறகை ஓரடி உயரக் கால் போட்ட மேடையில் அடுக்கினால் அடியில் பெருக்கலாம், வெளிச்சம் போகும். விறகு எடுக்கும்போது மேலிருந்துதான் எடுக்க வேண்டும். முதலில் ஒரு கோலால் தட்டிவிட்டு. அம்மாவுக்கு இந்தப் பழக்கம் வர ஒரு வருடம் ஆனது. அடுப்படி அவசரத்தில் நடுவில் கைவிட்டு உருவுவார். கடைசியில் விறகு மேடைக்குப் பக்கத்திலேயே ஒரு கோலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட பிறகுதான் பழகியது.

கோழிக் கூண்டை வீட்டுச் சுவரோடு ஒட்டிக் கட்டாதீர்கள். நல்ல பாம்பு முட்டைக்கும் குஞ்சுக்கும் வரும். கால் வைத்த கூண்டாக உயர்த்தி, சின்னக் கண் வலை அடியுங்கள். முட்டை எடுக்கும்போது டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கை நீட்டுங்கள்.

சிறியாநங்கை வைத்தால் பாம்பு வராது என்று வாசலெங்கும் நடுகிறார்கள். எங்கள் தோட்டத்திலும் இருந்தது. அதன் நிழலிலேயே சாரை படுத்திருந்ததைப் பார்த்திருக்கிறோம். பினாயில், பூண்டுக் கரைசல், அந்துருண்டை, உப்புக்கோடு எதுவும் பாம்பைத் தடுக்காது. அந்தப் பணத்துக்குக் கம்பிவலை வாங்கலாம்.

வெளிச்சமும் வலையும் செருப்பும்

இந்த மூன்றுக்காக நான் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன். வீட்டைத் திருத்தக் காசு வேண்டும், நாள் வேண்டும். இவை இன்றைக்கே முடியும்.

தரையில் தூங்குகிறவர்கள் கொசுவலைக்குள் தூங்க வேண்டும். வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நாலு பக்கமும் செருக வேண்டும். சும்மா தொங்கினால் கொசுவும் வரும், கட்டு விரியனும் வரும். கட்டில் இருந்தால் நல்லது, ஆனால் போர்வையோ வேட்டியோ தரையைத் தொடக் கூடாது. சித்தப்பாவைக் காப்பாற்ற அன்று ஏற்றிய ஊசி மருந்தின் வேலையை, அவர் படுத்த பாய்மேல் ஒரு வலை செருகியிருந்தால் செய்திருக்கும்.

இருட்டினால் டார்ச் இல்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது. செல்போன் வெளிச்சம் இரண்டடிக்கு மேல் போகாது. நல்ல டார்ச் ஒன்று கொல்லைக் கதவருகே ஆணியில் தொங்கட்டும். வாசலில் எரியும் விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குத் தவளை வரும், தவளைக்குப் பாம்பு வரும். அதனால் விளக்கைக் கதவுக்கு நேர்மேலே வைக்காமல், சற்று எட்ட, கதவைப் பார்த்த மாதிரி வையுங்கள்.

விவசாயம் செய்கிறவர்களுக்கு மோட்டார் கொட்டகை தனி ஆபத்து. மும்முனை மின்சாரம் நடு இரவில் வந்தால், தூக்கத்தில் எழுந்து வெறுங்காலோடு வரப்பில் ஓடுவோம். ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலும் அடியிலும் எலி கூடு கட்டும், அதைத் தேடிப் பாம்பு வரும். கொட்டகைக்குள் நுழையும் முன் வாசலில் நின்று கூரை, மூலை, பெட்டி என்று டார்ச்சைச் சுழற்றிப் பாருங்கள். முழங்கால்வரை வரும் கம்பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள். கைக்கோலால் முன்னால் தட்டிக்கொண்டு நடப்பது நல்ல பழக்கம். ஆனால் கண்ணாடி விரியன் அதற்கு அசையாது என்பதால் கோல் டார்ச்சுக்குப் பதில் ஆகாது. களையெடுக்கும் பெண்களும் அறுவடைக்கு வருகிறவர்களும் கையால் புல்லைப் பிடிக்கும் முன் அரிவாளின் முதுகால் ஒதுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்களுக்குக் கையுறை வாங்கித் தருவது நிலக்காரரின் பொறுப்பு என்றே நினைக்கிறேன்.

காலையில் செருப்பையும் ஷூவையும் உதறிப் போடுங்கள். வண்டி உறையைத் தூக்கும்போது தள்ளி நின்று தூக்குங்கள்.

பாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டால்

பதறுவது இயல்பு. என் கையும் இன்னமும் நடுங்கும். ஆனால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்.

குழந்தைகளையும் நாயையும் வெளியே அனுப்புங்கள். பாம்புக்கும் உங்களுக்கும் நடுவே குறைந்தது ஆறேழு அடி இருக்கட்டும். அது வெளியே போக வழி இருந்தால் அந்த வழியை விட்டு விலகி, மற்ற அறைக் கதவுகளைச் சாத்தி, அடியில் துண்டு அல்லது போர்வையைச் சுருட்டி அடையுங்கள். வெளிக்கதவை மட்டும் திறந்துவையுங்கள். சத்தமில்லாமல் இருந்தால் பாதி நேரம் அதுவே போய்விடும். போகாமல் பீரோவுக்குப் பின்னால் நுழைந்துவிட்டால், ஒருவர் கண்ணை எடுக்காமல் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எங்கே போனது என்று தெரியாமல் போவதுதான் அன்றிரவு முழுக்கத் தூக்கத்தைக் கெடுக்கும்.

பிறகு தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். ஊரில் அனுமதி பெற்ற பாம்பு பிடிப்பவர் இருந்தால் அவர் எண்ணை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். நல்ல பிடிப்பவர் கொக்கியால் நகர்த்தி, குழாய் வழியாகத் துணிப்பைக்குள் அதுவாகப் போக வைப்பார். வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டி, செல்போனுக்கு முகம் காட்டுகிறவரை மறுமுறை கூப்பிடாதீர்கள். அவர் உயிரும் முக்கியம். பிடித்ததை நெடுந்தூரம் கொண்டுபோய் விடச் சொல்லாதீர்கள். இரையும் ஒளிவிடமும் தெரியாத இடத்தில் அது அலைந்து திரிந்து செத்துப்போகும், அல்லது அங்குள்ள இன்னொருவர் வாசலுக்குப் போகும்.

மண்ணெண்ணெய் ஊற்றுவது, பினாயில் அடிப்பது, வெந்நீர் விசிறுவது எல்லாம் ஒளிந்திருக்கும் பாம்பை நம் பக்கமே விரட்டும்.

கடித்துவிட்டால்

இதை மட்டும் அச்சடித்துக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள்.

1. பாம்பை விட்டு விலகுங்கள். அதைத் தேடவோ அடிக்கவோ எடுத்துவரவோ வேண்டாம். நான்கு முக்கியப் பாம்புகளின் விஷத்துக்கும் நம் மருத்துவமனைகளில் இருப்பது ஒரே கூட்டு மருந்து.
2. மணி பாருங்கள், குறித்துக்கொள்ளுங்கள்.
3. மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி, கடிகாரம் எல்லாவற்றையும் வீக்கம் வரும் முன் கழற்றுங்கள்.
4. கடிபட்ட கை காலை, எலும்பு முறிந்தால் கட்டுவது போல ஒரு குச்சி வைத்துத் தளர்வாகக் கட்டி அசையாமல் வையுங்கள். கடிபட்டவர் நடக்கவே கூடாது.
5. 108-ஐ அழையுங்கள். வண்டி வரத் தாமதமானால் பைக்கில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருவர் அணைத்துப் பிடித்தபடி போங்கள். வாந்தி வந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள். இறுக்கிக் கட்டியதால் காலையே இழந்தவர்கள் உண்டு. ஏற்கெனவே யாராவது இறுக்கிக் கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்க வேண்டாம். மருத்துவர் முன்னால் அவிழ்க்கட்டும்.

வேப்பிலை, மிளகாய், மிளகு தின்னக் கொடுத்து, கசக்கிறதா, காரம் தெரிகிறதா என்று விஷத்தைச் சோதிப்பது இன்றும் நடக்கிறது. கட்டு விரியன் கடித்தவருக்கும் வேப்பிலை கசக்கும். அந்தச் சோதனையை நம்பிக் காத்திருந்த நேரத்தில் மூச்சுத் தசைகள் ஓய்ந்துவிடும். மந்திரிக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால் சண்டை போடாதீர்கள். “ஆஸ்பத்திரியில ஊசி ஏறட்டும், அவரை அங்கேயே வரச் சொல்லலாம்” என்று சொல்லி வண்டியில் ஏற்றுங்கள். பலமுறை அப்படித்தான் ஏற்றியிருக்கிறோம்.

மருத்துவமனையில் ‘பூச்சி கடித்தது’ என்று சொல்லாதீர்கள். ஆயாவின் அந்தச் சொல் வீட்டுக்குச் சரி. அங்கே “பாம்பு கடித்திருக்கலாம்” என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். தரையில் தூங்கியவர் காரணமில்லாமல் வயிற்றுவலி, வாந்தி என்று விடியற்காலையில் எழுந்தால், இமை சரிந்தால், விழுங்க முடியவில்லை என்றால், கடித்த தடம் இல்லாவிட்டாலும் பாம்புக்கடி என்றே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ கடித்தால் வீக்கம், ஈறிலிருந்து ரத்தம், சிறுநீர் குறைவது என்று வேறு விதமாக வரும். ரத்தம் இருபது நிமிடத்தில் உறைகிறதா என்று கண்ணாடிக் குழாயில் வைத்துப் பார்ப்பார்கள். எல்லாக் கடியிலும் விஷம் ஏறுவதில்லை என்பதால் உடனே மருந்து ஏற்றாமல் கவனித்துக்கொண்டிருந்தாலும் கோபப்படாதீர்கள். குழந்தைக்கும் பெரியவர்களுக்கான அளவு மருந்துதான். பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைத் தோட்டங்களில் உள்ள குழிவிரியன்களுக்கு இந்தக் கூட்டு மருந்து பலன் தருவதில்லை. அங்கும் மருத்துவமனைக் கவனிப்புதான் வழி.

எந்த அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்தும் செயற்கைச் சுவாச வசதியும் இரவிலும் இருக்கின்றன என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள். அரசு மருத்துவமனையில் இந்த மருந்து இலவசம்.

அந்த மருந்துக்குப் பின்னால் இருப்பவர்களையும் சொல்ல வேண்டும். மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. பாம்புத் தோல் வணிகம் தடைசெய்யப்பட்டபோது வாழ்வாதாரம் இழந்த இருளர்களோடு சேர்ந்து பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் அமைத்தது. அங்கே நான்கு வகைப் பாம்புகளையும் சுமார் மூன்று வாரம் வைத்து, நான்கு முறை விஷம் எடுத்து, அடிவயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தித்தான் மருந்து தயாராகிறது. இந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. சித்தப்பாவின் நரம்பில் ஏறிய மருந்துக்கு ஆரம்பம் ஏதோ ஒரு வயல் வரப்பில் ஓர் இருளரின் கையில் இருந்த பாம்பு.

ஊரோடும் பிள்ளைகளோடும்

நாம் மட்டும் அடிக்காமல் இருந்து பயனில்லை. வேலிக்கு அந்தப்பக்கம் தடி இருக்கும். பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டால் நான் முதலில் போய் நிற்கிறேன். வியாக்கியானம் பேசாமல், கதவு சாத்தத் துணி கொடுத்து, தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டுத் தந்தால் தடி தானாகக் கீழே போகிறது. ஆடியில் புற்றுக்குப் பால் ஊற்றும் அம்மாக்களிடம் பாம்பு பால் குடிக்காது, பால் உள்ளே போனால் எறும்பு மொய்த்து அதற்கு இம்சை என்று சொன்னேன். இப்போது எங்கள் தெருவில் புற்றின் வெளியே மஞ்சள் குங்குமம் வைத்து, பாலைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

பிள்ளைகளுக்கு ஒரே பாடம்: பார்த்தால் நில், பின்னால் நகர், பெரியவரைக் கூப்பிடு. இதை விளையாட்டாகவே பழக்கலாம். என் மகள் ஆறு வயதில் குளியலறையில் ஓநாய்ப் பாம்பைப் பார்த்து அப்படியே பின்னால் நடந்து வந்து கதவைச் சாத்திவிட்டு, “அப்பா, துண்டு கொண்டாங்க” என்றாள்.

வருடத்தில் எங்களுக்கு ஒரு நாள் இதற்கென்று உண்டு. புரட்டாசிக் கடைசி ஞாயிறு, ஐப்பசி மழை வளைகளை நிரப்பிப் பாம்புகளை மேட்டுக்கு ஏற்றுவதற்கு முன்னால். கதவடி ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுவோம், வலைக்கம்பி துருப்பிடித்த இடத்தில் புதிது கட்டுவோம், டார்ச்சுகளுக்கு பேட்டரி போடுவோம், கதவுக்குப் பின்னால் ஒட்டிய தாளில் எண்கள் மாறியிருந்தால் திருத்துவோம். கொசுவலை வேலை சித்தப்பாவுடையது. படுக்கைக்குப் படுக்கை போய், நாலு பக்கமும் இழுத்துப் பார்த்து, கிழிசல் கண்டால் அங்கேயே உட்கார்ந்து ஊசி நூல் போடுவார்.